இரண்டும் இடது கை

ஒஸ்லோவில் ரயிலேறும்போது சோல்வி தனக்குத்தானே ஒரு சத்தியம் செய்துகொண்டாள். இன்று ஒரு நாள் மட்டும் எதிலும் குறை சொல்லக் கூடாது. சிரித்த முகத்தோடு போய், சிரித்த முகத்தோடு திரும்பி வர வேண்டும்.

கிறிஸ்தியான்சாண்டில் இறங்கி, நகரக் கடற்கரைக்கு நடந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் சத்தியம் விரிசல் விட்டுவிட்டது.

மணல் என்றால் மணலாக இருக்க வேண்டும். இது அடுக்குமாடி ஜன்னல்களுக்குக் கீழே யாரோ சலித்துப் பரப்பிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் பனை மரங்கள். நார்வேயில் பனை மரம்! குளிர்காலத்தில் அதற்கும் குல்லாய் மாட்டிவிடுவார்கள் போலிருக்கிறது. வெயில் வந்துவிட்டதென்று ஊரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தது. தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு விறைக்கும் என்பதை எல்லோரும் சேர்ந்து மறந்துவிட்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஹல்வர் கையாட்டிக்கொண்டு வந்தான். தாடி. அரைக்கால் சட்டை. உடம்பில் மீன் புகைபோட்ட வாசனை. மூன்று வருடத்துக்கு முன்புவரை அவளுடைய கணவனாக, மடிப்புக் கலையாத சட்டையோடு அலுவலகம் போய்வந்த அதே மனிதன்.

"வா சோல்வி. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீ என்ன, கப்பல் கவுந்து கரை ஒதுங்கினவன் மாதிரி இருக்க?"

ஹல்வர் சிரித்தான். அதுவும் புதுசு. முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் முகம் சுருங்கிப் போகும், ராத்திரிவரை பேச மாட்டான். இப்போது ஈரத் தரையில் தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இல்வா எங்க?"

"தண்ணியில. உனக்காகத்தான் காத்துட்டிருந்தா. இன்னும் ரெண்டு முழுக்கு போட்டுட்டு வந்துருவா."

அந்தப் பெயருக்காகத்தான் சோல்வி வந்திருந்தாள். பதின்மூன்று வயது இல்வா இத்தனை நாள் பள்ளி நாட்களில் ஒஸ்லோவில் அம்மாவிடமும், விடுமுறையில் இங்கே அப்பாவிடமும் இருந்தாள். ஆகஸ்டில் நடுநிலைப் பள்ளி தொடங்குகிறது. எந்த ஊரில் சேருவது என்று அவளே சொல்ல வேண்டும். அந்த வயதுப் பிள்ளையின் பேச்சைத் தள்ளிவிட்டு யாரும் முடிவெடுப்பதில்லை. போன வாரம் தொலைபேசியில் சோல்வி கேட்டதற்கு, "ஃபோன்ல வேணாம்மா. புனித ஹான்ஸ் நாள் நெருப்புத் திருவிழாவுக்கு நீ இங்க வா. நேர்ல சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சோல்விக்குத் தூக்கம் சரியில்லை. ஒஸ்லோ வீட்டில் இல்வாவின் அறைக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

இல்வா தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். உதடு நீலம், பல் தந்தியடித்தது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவை ஈரத்தோடு கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, என் சட்டை! மீன் மாதிரி சில்லுன்னு இருக்க."

"நீயும் இறங்கேம்மா. முதல்லதான் குளிரும்."

"பனிக்கட்டிக்குள்ள படுக்கணும்னா நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் போதும். ரயில் டிக்கெட் எதுக்கு?"

இல்வா சிரித்தாள். சோல்விக்கு உள்ளே எதுவோ கொஞ்சம் தளர்ந்தது. இந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் அவளுடைய பேச்சு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அப்படித்தான் சோல்வி நினைத்திருந்தாள்.

"சரி, சொல்லு. எங்க சேரப் போற?"

"இப்ப இல்லம்மா." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இல்வா சொன்னாள். "முதல்ல சிக்னேயோட கடைக்கு வா. அங்க இருக்கிறது எல்லாத்தையும் பாரு. உனக்கு எது ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

"இதென்ன பரீட்சையா?"

"சும்மா பாரேன்."

ஹல்வர் கடலைப் பார்த்தான். ஒரு விஷயம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க வேண்டுமென்றால் அவன் எப்போதும் கடலைத்தான் பார்ப்பான். ஒஸ்லோ வீட்டிலிருந்து கடல் தெரியாது, அங்கே ஜன்னலைப் பார்ப்பான்.

கடைகள் மீன்துறைக்குப் போகும் வழியில், சிவப்புச் சாயம் பூசிய மரக் கட்டடங்களுக்கு முன்னால் வரிசையாக இருந்தன. விழா நாள் சந்தை. ஒரு பக்கம் பொரித்த மீன் உருண்டை, ஒரு பக்கம் உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், நடுநடுவே மரத்தைக் குடைந்து எதையாவது செய்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர்கள். சோல்வி ஒவ்வொரு மேசையையும் கடந்தபோது அவள் மூக்கு ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. வெண்ணெய்க் கத்தி. மறுபடியும் வெண்ணெய்க் கத்தி. இந்த நாட்டில் இத்தனை பேர் இத்தனை வெண்ணெயை எப்போது தின்கிறார்கள்?

அவள் தொழிலே அது. காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீடு. குழாய் வெடித்த வீட்டுக்குள் நுழைந்தால், வீட்டுக்காரர்கள் வாய் திறக்குமுன் எந்தப் பலகை உப்பியிருக்கிறது, எந்தச் சுவர் ஏற்கெனவே ஊறியிருந்தது என்று சொல்லிவிடுவாள். அவள் கண்ணில் ஒரு கீறல் தப்பியதில்லை. அந்தக் கண்ணை வேலைநேரம் முடிந்ததும் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியவில்லை.

சிக்னே மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஹல்வரோடு இந்த ஊரில் இரண்டு வருடமாக வாழ்கிறவள். பெரிய கைகள், முகமெல்லாம் வெயில் புள்ளி, கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

"வாங்க சோல்வி! இப்பதான் வாஃபிள் மாவு கரைச்சு வெச்சேன். முதல்ல சாப்பிடுறீங்களா, முதல்ல கடை பாக்குறீங்களா?"

"கடையைப் பாத்துடறேன். சாப்பிட்டப்புறம் மனசு இளகிப் போய்ப் பொய் சொல்லிடுவேன்."

சிக்னே சிரித்தாள். "இளகட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

மேசை முழுக்கக் கம்பளி. சட்டைகள், காலுறைகள், குல்லாய்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தூவிய ஸெட்டெஸ்டால் பள்ளத்தாக்குச் சட்டை ஒன்று கொம்பில் தொங்கியது. ஈயக் கொக்கிகள். பிர்ச் மரக் கைப்பிடி போட்ட சீஸ் சீவுகோல். மேலே ஒரு பலகையில் 'எல்லாம் கையால் செய்தவை' என்று எழுதியிருந்தது.

"ஜூன் மாசத்துல கம்பளி விக்கிறீங்க," என்றாள் சோல்வி. "ஜனவரியில ஐஸ்கிரீமா?"

"ஜெர்மன்காரங்க வாங்குறாங்களே."

"அவங்க எதைத்தான் வாங்கல."

சட்டையின் விளிம்பைத் திருப்பினாள். உள்பக்க நூல் ஓட்டத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. எரிச்சலோடு கீழே விட்டாள். காலுறையின் குதிகாலை இழுத்துப் பார்த்தாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. இல்வா மேசையின் கோடியில், ஈரத் தலையோடு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சேதம் பாக்குற வேலையில இருக்கீங்கன்னு இல்வா சொல்லியிருக்கா," என்றாள் சிக்னே. குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் சற்றுக் குறைந்திருந்தது. "லீவு நாள்லயும் பாப்பீங்கன்னு சொல்லல."

"கண்ணுக்கு ஏது லீவு?"

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

மற்றவற்றோடு சேராமல், மேசையின் ஓரத்தில், ஒரு சின்னக் கூடையில் தனியாக ஒரு ஜோடி கையுறை. நான்கு விரலும் ஒரே பைக்குள் போய், கட்டைவிரல் மட்டும் தனியாக நிற்கிற பனிக்காலக் கையுறை. கறுப்பில் வெள்ளை எட்டிதழ் நட்சத்திரம், மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. மற்ற எல்லாவற்றிலும் விலைச்சீட்டு இருந்தது. இதில் இல்லை.

சோல்வி இரண்டையும் எடுத்து, நட்சத்திரம் மேலே தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உடனே அவள் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து தேடியது கிடைத்துவிட்டது.

இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

பின்னல் ஊசி பிடித்த எவருக்கும் தெரிந்த தவறு அது. ஒரு கையுறையை முடித்து, அதைப் பார்த்து அப்படியே அடுத்ததையும் பின்னினால் இப்படித்தான் வந்து நிற்கும். இரண்டாவதில் கட்டைவிரலுக்கு விடுகிற வாயை மறுபக்கம் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் இரண்டு இடது கை கிடைக்கும், வலது கை சட்டைப் பைக்குள் போக வேண்டியதுதான்.

"அடடா!" சோல்வி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினாள். பக்கத்தில் தொப்பி போட்ட இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் நின்றார். "இங்க பாருங்க! ரெண்டும் இடது கை! எல்லாம் கையால செஞ்சதாம். எந்தக் கையாலன்னு இப்பல்ல தெரியுது!"

ஐஸ்கிரீம்காரர் குலுங்கிச் சிரித்தார். தொப்பிக்காரிகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் சிரிப்பு சோல்விக்கு ஏணி வைத்துக் கொடுத்தது. "இதை யாருக்கு விக்கிறதா உத்தேசம்? வலது கை இல்லாதவங்களுக்கா? இல்ல, ஒவ்வொரு கையையும் ஒவ்வொருத்தருக்கா? பாருங்களேன், நட்சத்திரம்கூடக் கோணிப் போய் நிக்குது, குடிச்சுட்டு வீட்டுக்குப் போறவன் மாதிரி. நாலு இடத்துல இழை இறுகி, நாலு இடத்துல தொங்கி... கண்ணை மூடிட்டுப் பின்னினாக்கூட இதைவிட நல்லா வரும்!"

"அது நான் பின்னினது." சிக்னே அவசரமாகச் சொன்னாள். அவள் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிட்டது. "நான்தான். ஏதோ அவசரத்துல கவனிக்கல. குடுங்க, உள்ள வெச்சிடறேன்."

இல்வா சட்டென்று சிக்னேயைப் பார்த்தாள். சிக்னே யாருக்கும் தெரியாத மாதிரி தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம் என்பது போல.

சோல்வியின் கண்ணுக்கு அதுவும் தப்பவில்லை. 'என் பெண்ணிடம் கெஞ்சுகிறாள், நீயும் சேர்ந்து சிரித்துவிடாதே என்று' என அவள் அர்த்தம் செய்துகொண்டாள். வெற்றி. நல்ல, உருப்படியான வெற்றி.

"நான் வாஃபிள் அச்சைச் சூடு பண்றேன்," என்று சொல்லிவிட்டு இல்வா கடைக்குப் பின்னால் போனாள்.

ஹல்வர் கடலைப் பார்த்தான்.

கடைக்குப் பின்புறம் படகுகள் கட்டியிருக்கும் மேடையில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். படகிலிருந்து நேராக வாங்கிய அவித்த இறால் ஒரு பேசின் நிறைய. வெள்ளை ரொட்டி, மயோனைஸ், எலுமிச்சை. உரித்த ஓடுகளைப் போட ஒரு வாளி. அந்தப் பக்கம் வாஃபிள்கள், இதயம் இதயமாக, ஆவி பறக்க. தொட்டுக்கொள்ள ஸ்ட்ராபெரி ஜாமும், புளித்த கிரீமும், சீவிய பழுப்புச் சீஸும்.

சோல்வி நன்றாகப் பசித்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பாட்டுக்கிடையே வாயும் சும்மா இருக்கவில்லை.

"இறால் பரவாயில்ல. அதைக் கடல் செஞ்சிருக்கு. இந்த வாஃபிள்லதான் ஏலக்காய் தூக்கலா இருக்கு."

"அது உனக்கு மூணாவது," என்றான் ஹல்வர்.

"ருசி பாக்காம எப்படிச் சொல்றது?"

"மூணாவதுலதான் ஏலக்காய் தெரிஞ்சுதாக்கும்."

சிக்னே புன்னகை செய்தாள். ஆனால் அவள் அதிகம் பேசவில்லை. இல்வா பேசவே இல்லை. இறாலை உரித்து உரித்து ரொட்டியின் மேல் வரிசையாக அடுக்கினாள், சாப்பிடவில்லை. வாளியில் ஓடு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

சோல்வி அந்த மௌனத்தைத் தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டாள். பெண்ணுக்கு இங்கே சலித்துவிட்டது. சாயம் வெளுத்துவிட்டது. இரண்டு இடது கைக்காரியின் வீட்டில் மூன்று வருடம் பள்ளிக்கூடம் போவதா என்று யோசிக்கிறாள். மாலை ரயிலில் இருவரும் சேர்ந்தே போய்விடலாம். போகிற வழியெல்லாம் இந்தப் பனை மரங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்.

தட்டில் ஒரே ஒரு வாஃபிள் இதயம் மிஞ்சியிருந்தது.

இதற்குமேல் நடப்பது எல்லா மேசையிலும் நடப்பதுதான். கடைசித் துண்டை யாரும் தொட மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர் அதைத் தொட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். ஆசை தாங்காவிட்டால் பாதியை வெட்டி எடுப்பார்கள். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்பு தூக்குகிற அளவுக்கு ஒரு துணுக்கு தட்டில் மரியாதையோடு காய்ந்து கிடக்கும்.

"எடுத்துக்கோங்க சோல்வி," என்றாள் சிக்னே.

"ஐயையோ, எனக்குப் போதும். நீங்க எடுத்துக்கோங்க."

"எனக்கும் போதும். ஹல்வர்?"

"நான் தொடமாட்டேன்பா."

சோல்வி திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "பாருங்க, இந்த ஒரு விஷயத்துல நாம எல்லாரும் ஒழுங்காத்தான் வளர்ந்திருக்கோம். என் பொண்ணைப் பாருங்க. சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கேன். எவ்வளவு பசிச்சாலும் அடுத்தவங்க வீட்டுத் தட்டுல கடைசித் துண்டைத் தொட மாட்டா. கையுறை மாதிரி இல்ல இது. வளர்ப்புல இடது வலது தப்பாது!"

இல்வா கையை நீட்டி அந்த வாஃபிளை எடுத்தாள்.

பாதியாக வெட்டவில்லை. அதன்மேல் ஒரு கரண்டி ஜாம் வைத்தாள். மடித்து வாயில் போட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மென்றாள்.

"இல்வா!" சோல்விக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. "என்ன இது? விருந்துக்கு வந்த இடத்துல..."

இல்வா விழுங்கினாள். விரலில் வழிந்த ஜாமை நக்கினாள்.

"நான் விருந்துக்கு வரலம்மா. நான் இங்க விருந்தாளி இல்ல."

மேடைக்குக் கீழே தண்ணீர் சப்பென்று அடித்தது.

"அப்படின்னா..." சோல்வி தொடங்கினாள்.

"அப்படின்னா அதான். ஆகஸ்ட்லேருந்து இங்கதான்." இல்வா ஜாம் கரண்டியைக் கீழே வைத்தாள். "காலைல வரைக்கும் நான் முடிவு பண்ணல. எது பிடிச்சிருக்குன்னு சொல்லுன்னு உன்னைக் கேட்டேன். அதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். நீ சொல்லிட்ட."

"நான் என்ன சொன்னேன்? ஒரு ஜோடிக் கையுறையைப் பத்தித்தானே..."

"அதை சிக்னே பின்னல. நான் பின்னினேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கடற்கரைப் பக்கம் நடந்தாள். ஓடவில்லை. ஓடியிருந்தால் சோல்விக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சோல்வி முதலில் சிக்னேயைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க? உங்க பின்னல்னு நெனச்சுத்தானே நான் சிரிச்சேன்!"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டீங்களே," என்றாள் சிக்னே. இப்போது அந்தக் குரலில் சிரிப்பு துளியும் இல்லை. "அவ்வளவு பேர் முன்னாடி அந்தப் பொண்ணு தலைகுனிஞ்சு நிக்கணுமா? சிரிப்பு என் தலையில விழுந்தா விழட்டும்னு சொன்னேன். எனக்கு அது உறைக்காது. நீங்க என்னைப் பத்தி என்ன நெனக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொல்லக் கூடாதுன்னு அவதான் சொன்னா. பேர் தெரியாம பாத்தா அம்மா நிஜத்தைச் சொல்லுவாங்கன்னு."

"நிஜத்தைத்தான் சொன்னேன்." சோல்வியின் வாய் அவளையும் மீறிச் சொல்லிற்று.

"ஆமா," என்றாள் சிக்னே. "சொன்னீங்க."

ஹல்வர் கடலைப் பார்க்கவில்லை. அன்று முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"போன குளிர்காலத்துல ஆரம்பிச்சது சோல்வி. உன் வீட்டுலதான். அவ ரூம்ல, போர்வைக்குள்ள வெச்சுப் பின்னினா. நீ கதவைத் திறந்தா தலகாணிக்கு அடியில தள்ளிருவாளாம். முதல் கை அங்க முடிஞ்சுது, ரெண்டாவது இங்க. நீ பாத்தா கேலி பண்ணுவியோன்னு பயம்."

"என் கண்ணுல படவே இல்லையே," என்றாள் சோல்வி.

அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. ஊரான் வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற ஈரத்தை வெளியே நின்று மோப்பம் பிடிக்கிறவள். தன் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு குளிர்காலம் முழுக்க.

"அப்ப ரெண்டும் இடது கைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் சிக்னேயிடம், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல. "அவகிட்டச் சொல்லி, பிரிச்சுப் பின்ன வெச்சிருக்கலாமே. நல்ல கைவினைக்காரி!"

"தெரியும். சொல்லல. முதல் ஜோடிக்கு எல்லாரும் பண்றதுதான். என்னோட முதல் ஜோடி ரெண்டும் வலது." சிக்னே ஈரத் துணியால் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். "இன்னமும் வெச்சிருக்கேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் சோல்விக்குக் குத்தியது. இவளுடையது இரண்டும் வலது. அவளுடையது இரண்டும் இடது. சேர்த்துப் போட்டால் ஒழுங்கான கையுறைகள். இந்த ஏலக்காய்க்காரிக்கும் தன் பெண்ணுக்கும் நடுவில், தப்பும் தப்பும் சேர்ந்து ஒரு ஜோடி.

அவள் எழுந்து கடையின் முன்பக்கம் போனாள். கூடை சிக்னே தள்ளிவைத்த இடத்தில், மேசைக்கு அடியில் இருந்தது. கையுறைகளை எடுத்தாள்.

நட்சத்திரம் கோணல்தான். இழை சில இடங்களில் இறுகித்தான் இருந்தது. அதெல்லாம் பொய்யில்லை. மணிக்கட்டுச் சிவப்புப் பட்டையை விரித்துப் பார்த்தாள். தன் கையின் அகலத்துக்கு இருந்தது. பதின்மூன்று வயதுக் கைக்கு அது தொளதொளக்கும். யார் கைக்கென்று பின்னியது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடற்கரையில் தீ மூட்டத் தயாராகியிருந்தார்கள். உடைந்த மரப்பெட்டிகள், பழைய படகுப் பலகைகள், கால் போன நாற்காலி ஒன்று. 'குப்பையைக் கொளுத்துவதற்கு ஒரு திருவிழா' என்று சோல்வியின் மனம் வழக்கம்போலத் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே நின்றது.

வெயில் இன்னும் பளீரென்று இருந்தது. அந்த வெயிலில், சலித்துப் பரப்பிய அந்த மணலில், அரைகுறை ஆடையோடு கிடந்த அத்தனை பேருக்கும் நடுவே, சோல்வி இரண்டு கையிலும் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு நடந்தாள். இடது கை சுகமாக உட்கார்ந்தது. வலது கையில் கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் வழியே இல்லை. கம்பளிக் கட்டைவிரல் மறுபக்கம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"அங்க பாரு, ஜூன் மாசத்துல குளிருதாம்!" என்று ஒரு குரல்.

"ரெண்டும் இடது கைடோய்!" என்று இன்னொன்று. ஐஸ்கிரீம்காரராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு இப்போது எதைப் பார்த்துச் சிரிப்பது என்று கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

சிரிப்பு முதுகுக்குப் பின்னால் பரவியது. கேலிக்கு ஆளானால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

இல்வா விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் முகம் சிவந்தது.

"அம்மா! கழட்டு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"சிரிக்கிறாங்கம்மா."

"கேக்குது."

சோல்வி எதிரே நின்றாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அவள் வாய் வேறு சொற்களுக்குப் பழகியது. இதற்கு அதில் இடம் இருக்கவில்லை.

"இடது கை கச்சிதமா இருக்கு," என்றாள். "இறுக்கமும் இல்ல, தொளதொளன்னும் இல்ல. இதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. வேணும்னே பாத்தேன், சொல்ல முடியல."

இல்வா எழுந்தாள். அம்மாவின் வலது கையைப் பிடித்து, அதிலிருந்த கையுறையை மட்டும் உருவினாள். தன் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு நீ வெச்சுக்கோ. இது என்கிட்ட இருக்கட்டும்."

"ஆகஸ்ட்..."

"அது மாறாதும்மா."

யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். பலகைகளுக்கு அடியில் சுள்ளி பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கையுறையோடு சோல்வி புகையில் கண் எரிய நின்றாள். மாலை ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட் போதும். இரண்டு வாங்கி வைத்திருந்தாள்.

"வலது கைக்கு?" என்று கேட்டாள். "எப்பவாவது, ஒண்ணு பின்னித் தருவியா?"

இல்வா தலையிலிருந்து கால்வரை அம்மாவை மெதுவாக அளந்தாள். எந்தப் பலகை உப்பியிருக்கிறது, எந்தச் சுவர் எப்போதிலிருந்து ஊறியிருக்கிறது, எது தேறும், எதைப் பெயர்த்து எறிய வேண்டும் என்று பார்க்கிற பார்வை. அது யாருடைய பார்வை என்று சோல்விக்குத் தெரிந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனையோ வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தது.

"பாக்கலாம்," என்றாள் இல்வா.